சவரியம்மாவின் மாதா காசு

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, கஞ்சி குடித்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தான் இன்பராஜ். அவன் அம்மா சவரியம்மா வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, ஊசியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, நூல் முனையை நாக்கில் ஈரம் பண்ணிக்கொண்டிருந்தாள். நூல் மறுபடியும் ஊசிக்கு வெளியே போயிற்று.

"இன்பா, இங்க வாடா. இந்த ஊசிக்குக் கண்ணு கீதா, இல்ல எனக்குத்தான் கண்ணு போச்சா, பாத்து சொல்லு."

அவன் வாங்கினான். கோலார் தங்க மைனின் அஸே ஆபீஸில், அதாவது தங்கத்தின் தரம் பார்க்கிற அறையில், அவனுக்கு வேலை. உலையிலிருந்து வரும் கடுகளவு தங்க மணியை இடுக்கியால் எடுத்துத் தராசுத் தட்டில் வைத்துப் பழகிய கை. ஒரே தடவையில் கோத்துக் கொடுத்தான். வெள்ளை நூல்.

"புதன்கெழம பெங்களூரு போறேன்" என்றாள் அம்மா, நூலில் முடிச்சுப் போட்டுக்கொண்டே.

"போ. ஆனா அத்த எடுத்துக்கினு போவாத. ஸ்டேஷன்ல சார்ஜண்டு டக்ளஸ் நிப்பான்."

"அத்த எடுத்துக்கினு போவாம, அந்தப் பொண்ணு மூஞ்சிய சும்மா பாத்துட்டு வர்றதுக்கா டிக்கெட்டு?"

"என்னாண்ட குடும்மா. நான் துரைகிட்ட சொல்லி..."

"எடுத்தது நானு. குடுக்கவேண்டியதும் நானு. நீ போயி படு, ராத்திரி ஷிப்டு பாத்த மூஞ்சியப் பாரு."

அவன் படுத்தான். தூங்கியும் போனான். அவள் மடியில் என்ன துணி இருந்தது என்று பார்க்கவில்லை. அம்மாவும் மகனும் சேர்ந்து செய்த கடைசி வேலை அந்த ஊசியில் நூல் கோத்ததுதான். செவ்வாய்க்கிழமை காலையில் தண்ணீர்த் தொட்டிக்குப் போனவள், குடத்தை இடுப்புக்குத் தூக்கினாள், மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், பிறகு எழுந்திருக்கவில்லை. அது 1904, ஈஸ்டர் முடிந்த இரண்டாவது வாரம்.

எடுத்துக்கொண்டு போகாதே என்று அவன் சொன்னது ஒரு தங்கக்காசை.

சவரியம்மா ஆரணிப் பக்கத்துக்காரி. கோலாரில் குழி தோண்டுகிறார்கள், கூலி கையோடு கிடைக்கும் என்று கேள்விப்பட்டுப் புருஷன் சூசையோடு வந்தவள். சூசை சுரங்கத்துக்குள் மரம் முட்டுக்கொடுக்கிற வேலை பார்த்தான். ஒரு நாள் முட்டு நின்றது, மேலிருந்த பாறை நிற்கவில்லை. அதற்குப் பிறகு சவரியம்மா பிரசவம் பார்க்கப் போனாள். சுரங்கக் கூலிக்காரர்கள் குடியிருந்த ஸ்கெலட்டன் லைன் வீடுகளில் அவள் கைபடாத பிள்ளை குறைவு. வலியில் கத்துகிற பெண்ணை அவளும் சேர்ந்து கத்தித்தான் அடக்குவாள். முதல் வேலையாகப் புருஷனைத் தண்ணீர் கொண்டுவர அனுப்புவாள். வீட்டில் தண்ணீர் நிறைய இருந்தாலும் அனுப்புவாள். "அவன் நின்னான்னா புள்ள வெக்கப்பட்டுக்கினு உள்ளயே இருக்கும்" என்பாள்.

பாய்லர் பொருத்த வந்த ஹூபர் துரை வீட்டுக்கும் அவளைக் கூப்பிட்டார்கள். 1889-ல். ஹூபர் ஜெர்மானியர்களில் பவேரியா நாட்டுக்காரர், கத்தோலிக்கர். அவர் மனைவிக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. சவரியம்மாவுக்கு அவள் பாஷை தெரியாது. பெண் குழந்தை நன்றாகப் பிறந்தது. இரண்டு பெண்களும் ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு, ஒருத்தி அவள் பாஷையிலும் ஒருத்தி தமிழிலும் மாறி மாறி 'அருள் நிறைந்த மரியே' சொன்னார்கள். அந்த அளவுக்கு அவர்களுக்குப் பேச்சு போதுமாக இருந்தது.

ஹூபரின் மனைவி பெட்டியிலிருந்து ஒரு நீளத் துணி எடுத்தாள். கையகலம், ஆள் உயரத்துக்கு மேல் நீளம், ஓரத்தில் சிவப்பு நூலில் எழுத்துப் பின்னல். அவர்கள் ஊரில் பச்சைப் பிள்ளையைச் சுற்றிக் கட்டுகிற துணி. அதன் முனையில் ஒரு தங்கக்காசு முடிந்து வைத்திருந்தது. ஞானஸ்நானத்துக்கு வரும் காசைப் பிள்ளையின் சுற்றுத்துணியில் முடிவது அவர்கள் வழக்கம். இந்தக் காசு அவளுடைய துணியிலும், அவள் அம்மாவின் துணியிலும், அதற்கு முன்னால் எத்தனையோ பேர் துணியிலும் இருந்து வந்தது என்று ஹூபர் அரைகுறைத் தமிழில் சொன்னார். ஒரு பக்கம் கவசம் போட்ட ஓர் அரசன். மறுபக்கம் மேகத்தின்மேல் குழந்தையோடு மாதா. ஆண்டு 164 வரைதான் படிக்க முடிந்தது, கடைசி எண் தேய்ந்துபோயிருந்தது. டுகட் என்று பெயர். சவரியம்மா அதற்கு மாதா காசு என்று பெயர் வைத்தாள்.

மூன்றாம் நாள் தாய்க்குச் சுரம் கண்டது. நான்காம் நாள் இறந்தாள்.

அன்று சுற்றுத்துணி அழுக்காயிருந்தது. சவரியம்மா முடிச்சை அவிழ்த்துக் காசைத் தன் மடியில் செருகிக்கொண்டு, துணியைச் சோடா போட்டு அலசிப் பின்கட்டில் காயப்போட்டாள். அடக்கம் முடிந்தது. காய்ந்த துணியை மடித்துக்கொண்டு வந்து பார்த்தால் பங்களா பூட்டிக் கிடந்தது. ஹூபர் பிள்ளையோடு வண்டியேறிவிட்டார். எந்த ஊருக்கு என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் திரும்பி வரவேயில்லை.

மடியில் காசு. கையில் ஈரம் காய்ந்த துணி. அந்த இடத்தில் அப்படியே நின்றுகொண்டிருந்ததாக அவள் பின்னால் சொல்லியிருக்கிறாள்.

மேனேஜரிடம் கொடுத்திருக்கலாமே என்று வேறு ஊர்க்காரர் கேட்கலாம். தங்கவயலில் ஏழையின் மடியில் தங்கம் இருந்தால் அது திருட்டுத் தங்கம். இல்லை என்று நிரூபிக்கவேண்டியது மடிக்குச் சொந்தக்காரர். அவள் வாயைத் திறக்கவில்லை. கழுத்தில் கிடந்த உத்தரியத்தைப் பிரித்து, காசை உள்ளே வைத்துத் தைத்தாள். உத்தரியம் என்பது மாதா பக்தர்கள் போட்டுக்கொள்ளும் இரண்டு சின்னப் பழுப்புக் கம்பளித் துண்டு, நாடாவில் கோத்தது. மந்திரித்துப் போட்டுக்கொண்டால் செத்தாலும் கழற்றக்கூடாது. அதோடுதான் புதைப்பார்கள். அதைத் தொட யாருக்கும் கை வராது என்று அவள் நினைத்தாள்.

துணி பெட்டியின் அடிக்குப் போயிற்று. வருஷத்துக்கு ஒரு தடவை, ஈஸ்டர் கழித்து, எடுத்து அலசிக் காயப்போடுவாள். பக்கத்து வீட்டுப் பார்வதம்மா விடமாட்டாள்.

"இன்னா சவரியம்மா, பேரப்புள்ள வரப்போவுதா? புள்ளைக்கு இன்னும் பொண்ணே பாக்கல, துணி மட்டும் வருஷா வருஷம் காயுது!"

"துணி காஞ்சாத்தாண்டி பொண்ணு கெடைக்கும்" என்பாள் சவரியம்மா.

பத்து வருஷம் இப்படிப் போயிற்று. 1899-ல் தங்கக்கல் அரைக்கிற மில்லிலிருந்து பாதரசத்தில் கலந்த தங்கம் காணாமல் போனது. காவல் சார்ஜண்ட் டக்ளஸ் லைன் லைனாகச் சோதனை போட்டான். சட்டைக்காரன், அதாவது ஆங்கிலோ-இந்தியன், இந்த மண்ணிலேயே பிறந்தவன், தமிழில் திட்ட நன்றாகத் தெரியும். பெண்களைத் தடவிப் பார்க்க ஒரு பெண்ணை வைத்திருந்தான். அவள் கை சவரியம்மாவின் உத்தரியத்தில் நின்றது.

"அய்யா, இதுக்குள்ள இன்னாமோ கெட்டியா கீது."

சற்று நேரத்தில் அஸே ஆபீஸ் கதவு திறந்தது. இன்பராஜ் தலை நிமிர்ந்தான். அம்மா நின்றாள். பின்னால் டக்ளஸ். டக்ளஸின் உள்ளங்கையில் காசு. இன்பராஜ் அதை அதுவரை பார்த்ததில்லை.

அந்த அறையின் தலைவர் பென்ரோஸ் துரை எழுந்து வந்தார். டக்ளஸ் தன் கணக்கைச் சொன்னான். திருட்டுத் தங்கத்தை உருக்கிப் பழைய காசு மாதிரி அச்சு வைத்து வெளியே கடத்துகிறார்கள். இது அந்த ரகம். தங்கம் புழங்குகிற இந்த அறையில் மகன் வேலை செய்கிறான், காசு தாயின் கழுத்தில் இருக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

"ரெண்டா வெட்டி உருக்கிப் பாரு மேன். இந்த மைன் தங்கமா இல்லியான்னு தெரிஞ்சுபூடும்."

"வெட்டாதீங்க" என்றாள் சவரியம்மா. "அது என்து இல்ல."

டக்ளஸ் சிரித்தான். "அதைத்தானேம்மா நானும் சொல்றேன்."

இன்பராஜ் துரையிடம் சொன்னான்: வெட்ட வேண்டாம், தண்ணீரில் நிறுக்கலாம். இந்த மைன் தங்கத்தில் வெள்ளி கலந்திருக்கும், அதனால் லேசு. பழைய டுகட் கிட்டத்தட்டச் சுத்தத் தங்கம், கனம். காசைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டால் எடை எவ்வளவு குறைகிறதோ அதிலிருந்து எது என்று தெரியும்.

"அம்மாவுக்கு மவன் நிறுப்பானாம். நல்லாகீது மேன்" என்றான் டக்ளஸ்.

பென்ரோஸ் யோசித்தார். முதலில் இவன் நிறுக்கட்டும், பிறகு நானே நிறுப்பேன் என்றார்.

தலைமயிர் ஒன்றில் காசைக் கட்டினான். தராசின் ஒரு கையில் மாட்டினான். வெறும் எடையைக் குறித்தான். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்து, காசை மெல்ல உள்ளே இறக்கினான். அவன் மனதில் ஒரே கணக்குதான் இருந்தது. இந்தக் காசின் எடைக்கு, குறைவு மூன்று கிரெயின் எடையை எட்டினால் மைன் தங்கம். எட்டாமல் நன்றாகக் கீழே நின்றால் அம்மா பிழைத்தாள்.

முள் ஆடியது. நின்றது. மூன்று. அதற்கு மேலேயே ஒரு மயிரிழை.

டக்ளஸ் எட்டிப் பார்த்தான்.

"இன்னா மேன், மூஞ்சி வெளுத்துப்போச்சு?"

உலையோரம் நின்ற சவரியம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "சார்ஜண்டு அய்யா, ஒம்போதாம் லைன்ல ஒருத்திக்கு இடுப்பு வலி கண்டிருக்குது. என்னை ஜெயில்ல போடறதா இருந்தா, அவளுக்குப் புள்ள பொறந்தப்புறம் போடுங்க. இங்க சூடா வேற கீது."

இன்பராஜ் டம்ளருக்குக் குனிந்தான். கண்ணாடி வழியாகக் காசு பெரிதாகத் தெரிந்தது. மாதாவின் முடிக்குப் பக்கத்தில், தேய்ந்த பள்ளத்தில், ஒரு காற்றுக் குமிழ் ஒட்டிக்கொண்டிருந்தது. குமிழ் காசைத் தூக்கிப் பிடிக்கும், அப்போது எடைக் குறைவு கூடுதலாகக் காட்டும். இறகு ஒன்றைத் தண்ணீரில் நனைத்து, குமிழைத் தொட்டான். அது நழுவி மேலே போய் உடைந்தது. வேறு ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

முள் மறுபடி ஆடியது. இந்தத் தடவை மூன்றுக்கு நன்றாகக் கீழே நின்றது.

பென்ரோஸ் அவனை விலகச் சொன்னார். காசை எடுத்துத் துடைத்து, தானே கட்டி, தானே இறக்கி, தானே படித்தார். அதே எண். நம் தங்கம் இல்லை என்றார் டக்ளஸிடம். அவ்வளவுதான் என் வேலை என்று தன் மேஜைக்குப் போய்விட்டார்.

டக்ளஸ் காசைச் சவரியம்மாவின் கையில் போட்டான், ஆனால் கையை விடவில்லை. "நம்ம தங்கம் இல்ல. சரி. அப்போ யாரோடது?"

அவள் சொன்னாள். ஹூபர், பிள்ளை, துணி, எல்லாம். டக்ளஸ் ஹூபரைக் கேள்விப்பட்டிருந்தான்.

"கத நல்லா கீது. அந்தப் பொண்ணு வந்து கேட்டா குடு. இத்த எடுத்துக்கினு மாரிகுப்பம் ஸ்டேஷன்ல மட்டும் கால் வெச்ச, திருட்டுக் கேஸுதான். உன் மவன் வேலையும் சேந்து போவும்."

அவள் அன்றைக்கே உத்தரியத்தை மறுபடி தைத்தாள், பழுப்பு நூலால், துணி நிறத்துக்குப் பொருந்த. பிறகு ஒன்பதாம் லைனுக்குப் போனாள். அங்கே பையன் பிறந்திருந்தான்.

அதன்பின் அவள் தேடத் தொடங்கினாள். புதிதாக வரும் ஒவ்வொரு பாதிரியாரையும், பெங்களூரிலிருந்து மெஷின் பொருத்த வரும் ஒவ்வொரு பிட்டரையும் கேட்டாள்: ஹூபர்னு ஒரு தொர, ஒரு பொண்ணு, எங்க கீறாங்க தெரியுமா? யாருக்கும் தெரியவில்லை. இந்த வருஷம், ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில், பெங்களூர் போய் வந்த பாதிரியார் சொன்னார்: ஒரு கன்னியர் மடத்தில் தெரேசியா ஹூபர் என்று ஒரு ஜெர்மன் பெண் இருக்கிறாள், கைக்குழந்தையில் விட்டுப்போன பிள்ளை, தகப்பன் அப்புறம் எங்கோ செத்துப்போனான். பவேரியாவிலிருந்து சித்தப்பா ஆள் அனுப்பியிருக்கிறார். ஈஸ்டர் முடிந்த இரண்டாவது வெள்ளிக்கிழமை அவளைக் கப்பலுக்கு அழைத்துப் போகிறார்கள்.

அதனால்தான் புதன்கிழமைப் பயணம். பார்வதம்மாவிடம் செருப்புக்கூட இரவல் வாங்கி வைத்திருந்தாள். மடத்துக்கு வெறுங்காலோடு போகக் கூடாதாம்.

புதன்கிழமை அவளுக்கு அடக்கம்.

சுரங்கத்து மரத்தில் பெட்டி செய்திருந்தார்கள். பெண்கள் குளிப்பாட்டிப் புதுப்புடவை கட்டி, விரல்களில் ஜெபமாலை சுற்றி, மார்பின்மேல் உத்தரியத்தை நேராக எடுத்து வைத்திருந்தார்கள். லைன் முழுவதும் வாசலில் நின்றது. ஓரத்தில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு டக்ளஸ். உபதேசியார் மாணிக்கராஜ் கடைசி ஜெபத்தை முடித்தார். தச்சன் மூடியைத் தூக்கினான்.

இன்பராஜ் உத்தரியத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் கொஞ்ச நேரத்தில் காசு மண்ணுக்குள் போய்விடும். வெள்ளிக்கிழமை அந்தப் பெண் கப்பலுக்குப் போய்விடுவாள். அம்மா பதினைந்து வருஷம் சுமந்ததற்கு அர்த்தம் இல்லாமல் போகும்.

"நிறுத்துங்க" என்றான்.

பெட்டியருகே முழங்காலிட்டு, சட்டைப்பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்தான்.

"இன்பராஜ், அது மந்திரிச்ச உத்தரியம்" என்றார் மாணிக்கராஜ். "அதைக் கழட்டக் கூடாதுப்பா."

"கழட்டல. பிரிக்கிறேன்."

"இன்னாத்துக்குடா?" பார்வதம்மாதான். அவளுக்குச் சோதனை நடந்த நாள் ஞாபகம் வந்துவிட்டது. "டேய், அந்தக் காசுக்கா? பெத்தவ கழுத்துல கெடக்கறத, பொணத்துலயிருந்து... த்தூ! மனுசனாடா நீ?"

டக்ளஸ் ஒரு அடி முன்னால் வந்தான்.

இன்பராஜ் குனிந்தான். கத்தி நுனியால் ஒரு தையலை அறுத்தான். அடுத்ததை. பழுப்பு நூல். கம்பளித் துண்டை விரித்தான். ஒன்றுமில்லை. அடுத்த துண்டையும் பிரித்தான். அதிலும் இல்லை. காசு இருந்த இடத்தில் வட்டமாக ஒரு தேய்மானம் மட்டும் இருந்தது.

பார்வதம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவர்கள் எல்லாரும் என்ன பார்த்தார்கள் என்று அவனுக்குத் தெரியும். தங்கத்துக்காக அம்மாவின் உத்தரியத்தை அறுத்தவன். அதுவும் ஒன்றும் கிடைக்காதவன்.

"ஊசி குடுங்க" என்றான். "பழுப்பு நூலு."

யாரோ கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரே தடவையில் கோத்த கைக்கு இப்போது நூல் கோக்கவில்லை. மூன்று தடவை தவறியது. பார்வதம்மா கோபத்தோடு பிடுங்கிக் கோத்துக் கொடுத்தாள். அவன் குனிந்து, இரண்டு துண்டுகளையும் அம்மாவின் மார்பின்மேலேயே வைத்துத் தைத்தான். கோணல்மாணலான தையல். தச்சன் மூடியை வைத்தான்.

கல்லறையிலிருந்து திரும்பும்போது டக்ளஸ் பக்கத்தில் வந்தான். "எங்க மேன் அந்தக் காசு?"

"தெரியாது."

"தெரியாதா? நல்லது. இனிமே நீ ரயில் ஏறினா உன்னைத்தான் மொதல்ல தேடுவேன்."

வீட்டுக்கு வந்து வாசலில் உட்கார்ந்தான். அம்மா ஊசி பிடித்து உட்கார்ந்திருந்த இடம். அப்போதுதான் வெள்ளை நூல் ஞாபகம் வந்தது. உத்தரியத்தில் இருந்தது பழுப்பு நூல்; காசை முன்னமே எடுத்துவிட்டு அதே நிறத்தில் மூடித் தைத்திருக்கிறாள். அளவு பார்ப்பதே தொழிலாக இருப்பவன், கையில் வந்த நூலின் நிறத்தைப் பார்த்தும் அது எங்கே போகிறது என்று யோசிக்கவில்லை.

எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்தான். அடிவரை கிளற வேண்டியிருக்கவில்லை. மேலேயே இருந்தது. அம்மாவின் நல்ல புடவை, அதன்மேல் சுருட்டி வைத்த சுற்றுத்துணி. நீலம் போட்டு அலசி வெளுத்திருந்தது, சிவப்பு எழுத்துமட்டும் கொஞ்சம் மங்கல். ஒரு முனையைச் சின்னப் பையாக மடித்து வெள்ளை நூலால் தைத்திருந்தாள். கிழவிக் கண்ணுக்கு மிகச் சிறிய, நெருக்கமான தையல். உள்ளே வட்டமாகக் கெட்டியாக இருந்தது. ஹூபரின் மனைவி முடிந்து வைத்த அதே முனை.

நிழல் விழுந்தது. பார்வதம்மா நின்றாள். முகம் இன்னும் இறுகியிருந்தது.

"செருப்ப வாங்கிக்கினு போலாம்னு வந்தேன்."

அவன் துணியை நீட்டினான். அவள் முனையைத் தொட்டாள். விரலால் வட்டத்தைச் சுற்றித் தடவினாள். வருஷா வருஷம் கயிற்றில் காய்ந்ததை அவள் கேலி செய்த துணி. நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இதுக்குத்தான் அறுத்தியாடா?"

"ம்."

"வாயத் தொறந்து சொல்லறதுக்கு இன்னா? தூன்னு துப்பிட்டேனே, பாவி." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் பொண்ணு எப்பப் போவுது?"

"நாளன்னிக்கு."

"அப்ப நாளைக்கு ரயிலு. டக்ளஸ் ஸ்டேஷன்ல நிப்பானே. எங்க ஒளிச்சு வைக்கப்போற?"

"ஒளிக்கப்போறதில்ல. அவன் கேக்கறதுக்கு முன்ன நானே விரிச்சுக் காட்டப்போறேன். யாருக்குன்னும் சொல்லுவேன். நம்பினா ரயில் ஏறுவேன்."

"நம்பலன்னா?"

அவன் துணியை மறுபடி சுருட்டினான், முனை உள்ளே வரும்படி.

பார்வதம்மா எழுந்தாள். "பொண்ணுங்க மடம் அது. ஆம்பள உன்னை வாசலோட நிறுத்திடுவாங்க. அந்தப் பொண்ணு கையில குடுக்கறதுக்கு ஒரு பொம்பள வாணாமா?" என்றாள். கேள்விக்குப் பதில் எதிர்பார்க்காமல், பெட்டிக்குப் பக்கத்தில் ஜோடியாக வைத்திருந்த செருப்பை எடுத்தாள். தூசி இல்லை. சவரியம்மா அதையும் துடைத்து வைத்திருந்தாள்.

பார்வதம்மா அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகவில்லை. காலையில் போட்டுக்கொண்டு கிளம்பத் தோதாக, முனை ஸ்டேஷன் பக்கம் திரும்பியிருக்கும்படி, வாசற்படிக்கு வெளியே வைத்தாள்.